மூன்றாவது பதில்

மட்டக்களப்பு,
2005 மார்ச் 9

சபீனாவுக்கு,

நாளை விடியக் கொழும்பு பஸ் ஏறுகிறேன். அங்கிருந்து மெல்பேர்ன், குவெண்டலின் அக்கா வீட்டுக்கு. நேரில் சொன்னால் நீ அழுவாய், நான் ஏசுவேன். அதனால் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

தேடல் மேசை இனி உன் பொறுப்பு. சனம் வந்து, கடல் வந்த அன்று காணாமற்போனவரின் பெயர், ஊர், வயது சொல்லும். நீ அதைக் கொம்பியூட்டரில் தட்டினால் போதும். முகாம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கெங்கிருந்து பட்டியல் வந்திருக்கிறதோ அத்தனையிலும் புறோகிராம் தேடும். ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். அதையும் அது சமாளித்துக்கொள்ளும். கடைசியில் 'இருக்கிறார்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லும்.

ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதே. நடுவில் 'ட்ரை' என்று ஒரு சொல் இருக்கும். முயன்று பார் என்று அர்த்தம். அதன் கீழே 'எக்ஸெப்ட்'. முயன்று முடியாமற்போனால் என்ன செய்வது என்பதை அங்கே எழுத வேண்டும். நான் 'பாஸ்' என்று எழுதியிருக்கிறேன். ஒன்றும் செய்யாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம்.

முதல் நாள் அது இல்லாமல்தான் ஓட்டினேன். வாசல் வரைக்கும் வரிசை நின்றது. யாரோ வயதை எழுதாமல் விட்ட ஒரு வரியில் புறோகிராம் இடறி, திரை முழுக்க ஆங்கிலத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. முன்னால் நின்ற தாய் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன மகன் சொல்லுது, செத்துப்போயிட்டாளாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு எழுதியதுதான் அந்த பாஸ். அது அப்படியே இருக்கட்டும்.

டச்பார் வீட்டுப் பூட்டின் திறப்பை சர்ச்சில் கொடுத்திருக்கிறேன். வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது, திறப்பு மட்டும்தான் இருக்கிறது. டெனீஸ் அகப்பட்டாளா என்று யாரும் கேட்டால் தெரியாது என்று சொல்.

இயன்


மட்டக்களப்பு,
2009 ஜூன் 2

இயன் அண்ணனுக்கு,

நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதினேன், போன வேகத்திலேயே திரும்பி வந்தது. குவெண்டலின் அக்காவின் விலாசத்தை சர்ச்சில் கெஞ்சி வாங்கினேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று றேடியோவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். இங்கே வெடி கொளுத்தினார்கள். அதற்கு முதல் மாதத்திலிருந்தே தேடல் மேசைக்கு முன்னால் பழையபடி வரிசை. இந்த முறை கடல் கொண்டுபோன சனமில்லை. வன்னியிலிருந்து வெளியே வந்து வவுனியா முகாம்களில் இருக்கிற சனத்தின் பட்டியல் வருகிறது. அதற்குள் தங்கள் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள்.

கோணாமலை என்று ஒருவர் கிரானிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருகிறார். வேளாண்மைக்காரர். மூத்த மகள் சுகிர்தா அமிர்தகழித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும் வழியில், ஆள் சேர்த்த இயக்கத்திடம் பிடிபட்டு வன்னிக்குப் போனவள். அப்போது பள்ளிக்கூடச் சட்டை போடுகிற வயது. இப்போது இருந்தால் இருபதைத் தாண்டியிருப்பாள். நான் பெயரைத் தட்டுகிறேன், உங்கள் புறோகிராம் 'இல்லை' என்கிறது. அவர் எழும்பி, "வாறன் மகள்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போகிறார்.

போன திங்கள் எனக்கு மனம் கேட்கவில்லை. பட்டியலில் சில பக்கங்களைக் கண்ணால் வாசித்தேன். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வயது மட்டும் வெறுமையாக வரிக்கு வரி கிடக்கிறது. எல்லாம் இளம் பிள்ளைகள். ஏன் என்று கோணாமலையிடம் கேட்டேன்.

"எங்கட பக்கம் புள்ளையளுக்கு முதல் படிப்பிக்கிறதே அதுதான் மகள். ஆர் வந்து வயசு கேட்டாலும் வாயத் துறக்கப்படா. வயசு தெரிஞ்சா கொண்டு போயிருவாங்கள். சுகிர்தாவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தன்" என்றார்.

அந்தப் பிள்ளைகள் முகாமிலும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் பாஸ் அவர்களைத்தான் தாண்டித் தாண்டிப் போகிறது. தேடப்படுகிற பிள்ளைகள் எல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறார்கள்.

பாஸை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கண்ணால் வாசித்து முடிக்க இது ஊர்ப் பட்டியல் இல்லை, லட்சக்கணக்கான சனம். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

சபீனா


மெல்பேர்ன்,
2009 ஜூன் 25

சபீனா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் இங்கே குளிர்க் களஞ்சியம் ஒன்றில் பூப் பெட்டி அடுக்குகிறேன். கொம்பியூட்டரைத் தொட்டு நான்கு வருஷமாகிறது. தொடும் எண்ணமும் இல்லை.

கை வைக்காதீர்கள் என்று எழுதி வைத்துவிட்டு வந்த இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். என்னிடம் கேட்டால் பழையபடி ஆக்கி வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

வயதில்லாத வரிகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அந்த மார்கழியில் வயதில்லாத வரிகளில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? தன் வயதைச் சொல்ல உயிரோடு இருக்க வேண்டும். செத்தவருக்கு யாரோ 'சுமார்' என்று எழுதுவார்கள், யந்திரத்துக்கு அது வயதில்லை. 'பெண், சுமார் முப்பது, கையில் வளையல்.' 'பெண், சுமார் முப்பது, பச்சைச் சட்டை.' 'பெண், சுமார் முப்பது, உடை இல்லை.' யந்திரம் தாண்டிப் போன அத்தனை வரிகளையும் நான் தனியே இருந்து வாசித்தேன். இதில் எது டெனீஸ்? எதுவும் இருக்கலாம். கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் விருந்து முடிந்து அசந்து தூங்கியவள் பச்சைச் சட்டை போட்டிருந்தாளா என்று என்னைக் கேட்டால், எனக்கு ஞாபகம் இல்லை. கட்டிய புருஷனுக்கு ஞாபகம் இல்லை.

வரிசையில் நின்ற சனத்துக்கும் அதைக் கொடுக்கச் சொல்கிறீர்களா? ஆயிரம் 'இருக்கலாம்' கொடுப்பதைவிட ஒரு 'இல்லை' கொடுப்பது மேல். அழுவார்கள், வீட்டுக்குப் போவார்கள், அடுப்பு மூட்டுவார்கள். நான் எழுதியது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையே எழுதுவேன்.

அந்தக் கிரான் மனிதர் திங்கட்கிழமைகளில் தன் வயலைப் பார்க்கட்டும்.

இயன்


மட்டக்களப்பு,
2009 ஜூலை 14

இயன் அண்ணனுக்கு,

எனக்கு 'நீங்கள்' போட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. கோபத்தில் இருக்கும்போது உங்கள் கையெழுத்துக்கூடத் திருந்திவிடுகிறது. அடிக்கடி கோபப்படுங்கள்.

டெனீஸ் அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு தடவைக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. எங்கள் உம்மாவைக் கடல் அள்ளினது, ஆனால் ஜனாஸாவை நாங்கள் கண்டோம், கையால் மண் போட்டோம். கண்டவள் காணாதவனுக்குப் புத்தி சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். உங்கள் புறோகிராம் இரண்டு விஷயத்துக்கு ஒரே சொல்லைச் சொல்கிறது. தேடினேன், அங்கே ஆள் இல்லை என்பதற்கும் 'இல்லை'. அந்த வரியை நான் வாசிக்கவே இல்லை என்பதற்கும் 'இல்லை'. இந்த இரண்டும் ஒன்றா? அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்கிறவள் நான். உங்களுக்குப் பூப் பெட்டி இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு திங்களும் அவர் முகம்.

சனம் அழுதுவிட்டு அடுப்பு மூட்டும் என்றீர்கள். இவர் அழுவதும் இல்லை, மூட்டுவதும் இல்லை. இந்தப் போகம் விதைக்கவில்லையாம். வயல் வட்டைக்குள் எல்லாருடையதும் பச்சையாகக் கிடக்க, இவருடையது மட்டும் தரிசாம். "புள்ள கிடைச்சாப் பிறகு பாப்பம்" என்கிறார்.

உதவி செய்ய மனமில்லை என்றால் ஒரு வரியில் எழுதுங்கள். காத்தான்குடியில் பஹ்மி என்று ஒரு பையன் இருக்கிறான், அவனிடம் கேட்கிறேன். அவன் உங்கள் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பான், அதுதான் எனக்குக் கவலை.

சபீனா


மெல்பேர்ன்,
2009 ஆகஸ்ட் 8

சபீனாவுக்கு,

பஹ்மியிடம் காட்டாதே.

கவனமாக வாசி. வெறும் 'எக்ஸெப்ட்' என்று எழுதினால் அது வருகிற பிழை எல்லாவற்றையும் பிடிக்கும். தெரிந்ததையும் பிடிக்கும், தெரியாததையும் பிடிக்கும். அது சோம்பேறி எழுதுவது. பிழைக்குப் பெயர் உண்டு. வயது இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாவிட்டால் வருவது 'வேல்யூ எரர்'. எக்ஸெப்ட் என்பதற்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுது. பாஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'வயது தெரியாது' என்று வைத்துக்கொண்டு பெயரையும் ஊரையும் ஒப்பிட்டுப் பார் என்று எழுது. இப்படி எழுதினால் வயதில்லாத பிள்ளைகளும் அகப்படுவார்கள்.

உனக்குச் சரிசெய்யத் தெரிந்த பிழையை மட்டும் பிடி. தெரியாததைப் பிடித்து மடிக்குள் ஒளித்து வைக்காதே. அதை மேலே போக விடு, புறோகிராம் நிற்கிறதென்றால் நிற்கட்டும். ஆனால் நிற்கும்போது எந்தப் பட்டியலில் நின்றது என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். கீழே எழுதிக் காட்டியிருக்கிறேன். இடைவெளிகளை அப்படியே போடு. பைதன் மொழியில் ஒரு இடைவெளி பிசகினாலும் ஓடாது.

இனி அதற்கு மூன்று பதில் இருக்கும். 'இருக்கிறார்.' 'இல்லை.' 'தேட முடியவில்லை.'

நீ சொன்னது சரிதான், இரண்டும் ஒன்றில்லை. அதை நான் அப்போதே அறிவேன். அறிந்துதான் மூன்றாவதை எழுதவில்லை. நான் எழுதியிருந்தால் இன்றைக்கும் டச்பாரில் மணலைக் கிளறிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த மூன்றாவது பதிலை உன் கண்ணோடு வைத்துக்கொள். கோணாமலையிடம் சொல்லாதே. அவர் அதற்குள் குடியேறிவிடுவார்.

குவெண்டலின் அக்கா விசாரித்தாள். நான் இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் பேப்பரில் புறோகிராம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, எனக்குச் சுகம் வந்துவிட்டது என்று நினைக்கிறாள்.

இயன்


மட்டக்களப்பு,
2009 செப்டம்பர் 12

இயன் அண்ணனுக்கு,

ஓடுகிறது. இடைவெளி பிசகி இரண்டு நாள் அழுதேன், பிறகு ஓடியது. பனிச்சங்கேணித் தாய் ஒருத்தியின் மகன் முதல் நாளே அகப்பட்டான். வயதில்லாத வரி. அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நோகிறது. அந்தப் பிடி உங்களுடையது, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

கோணாமலைக்கு மூன்றாவது பதில் வந்தது. ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்த குறுந்தட்டு கீறல் விழுந்தது. அது ஒன்றுதான் திறக்கவில்லை. மற்ற எல்லாப் பட்டியலிலும் தேடியாகிவிட்டது, சுகிர்தா இல்லை.

நீங்கள் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லிவிட்டேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. "இல்லை என்று வரவில்லை ஐயா, ஒரு பட்டியலில் தேட முடியவில்லை" என்றேன்.

அந்த மனிதர் சிரித்தார். இத்தனை மாதத்தில் அவருக்குப் பல் இருக்கிறதை அன்றுதான் கண்டேன். அடுத்த திங்கள் எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்தார். "மெசினுக்குத்தான் ஏலாமப் போயிருக்கு. புள்ள இல்லாமப் போகல்ல" என்று வரிசையில் நின்ற எல்லாரிடமும் சொன்னார். இப்போது வீட்டுக்குப் புதுக் கூரை போடுகிறாராம்.

அந்த வீட்டில்தான் சிக்கல். எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான் சேரும், அதுவும் முதலில் மூத்தவளுக்கு. உங்களுக்குத் தெரியும். இளையவள் வதனாவுக்கு மாப்பிள்ளை பேசி ஒரு வருஷமாகிறது. மாப்பிள்ளை வீட்டார் வீடு எங்கே என்கிறார்கள். இருக்கிறது ஒரு வீடு. அது சுகிர்தாவுடையது, அவள் வந்து கேட்டால் என்ன முகத்தோடு நிற்பேன் என்கிறார் கோணாமலை. வதனா ஒரு நாள் தகப்பனோடு வந்திருந்தாள். திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தட்டைத் திறக்க ஏதாவது வழி இருக்கிறதா?

சபீனா


மெல்பேர்ன்,
2009 ஒக்டோபர் 4

சபீனா,

சொல்லாதே என்றேன். நீ எப்போது சொன்ன பேச்சுக் கேட்டாய்.

இது புறோகிராமின் பிழை இல்லை, தட்டின் பிழை. பிழை எங்கே பிறந்ததோ அங்கே போய்த்தான் திருத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எழுதி இன்னொரு தட்டுக் கேள். அவ்வளவுதான்.

ஆனால் யோசித்துக் கேள். புதுத் தட்டு வந்தால் திறக்கும். திறந்தால் தேடும். தேடி முடித்தால் ஒரு பதில் சொல்லும். பத்து நாளாக உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். இதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இயன்


மட்டக்களப்பு,
2009 நவம்பர் 24

இயன் அண்ணனுக்கு,

தட்டு வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. இதுதான் கடைசிப் பட்டியல், இனி வராது என்று.

திங்கட்கிழமை கோணாமலை வருவதற்கு முன்னாலேயே ஓட்டிவிட்டேன். எல்லாம் திறந்தது, எங்கும் இடறவில்லை. 'இல்லை' என்று வந்தது. பெயரை மாற்றிப் போட்டேன், ஊரை எடுத்துவிட்டுப் போட்டேன். 'இல்லை.'

அவர் வந்ததும் சொன்னேன். கதிரையில் இருந்துவிட்டார்.

"நல்லாத் தேடினயா மகள்?"

"ஓம் ஐயா."

"ஒரு பிழையும் வரல்லையா?"

"வரல்ல ஐயா."

"கொஞ்சமாவது?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் போய்விட்டார். 'வாறன்' என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். கூரைக்கு இறக்கிய ஓடுகள் முற்றத்தில் போட்டபடியே கிடக்கின்றனவாம். கிணற்றடியில் போய்ப் போய் நிற்கிறாராம், அதனால் பெண்சாதி பக்கத்திலேயே காவல் இருக்கிறாளாம்.

வெள்ளிக்கிழமை வதனா தனியே கந்தோருக்கு, என் மேசைக்கு வந்தாள். முதல் தடவை என்னோடு பேசினாள். "அக்கா, இல்ல எண்டு வந்தத ஒரு கடுதாசியில அடிச்சித் தாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரர் தை மாசத்துக்கு மேல நிக்க மாட்டாங்களாம். அப்பா ஒருக்கா அழுதிட்டாரெண்டா எழும்பிருவார்" என்றாள். நீங்கள் சொன்னதையேதான் அவளும் சொன்னாள் அண்ணன். திங்களுக்கு அடித்துத் தருகிறேன் என்று அனுப்பினேன். அடித்தும் வைத்தேன்.

திங்கள் மழை. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் வந்தார்கள். கோணாமலை பாதியாக இருந்தார். கதிரையில் இருக்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள், மெசின மற்றச் சொல்ல ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க" என்றார். "எனக்கு வேற ஒண்டும் வேணாம். ஏலாமப் போச்சு எண்டு சொன்னாக் காணும்."

நீங்கள் எழுதிக் காட்டிய தாளின் அடியில் 'ரெய்ஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. பிழை வராத இடத்தில் நாமே பிழையை எழுப்பிவிடலாம் என்று அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். புறோகிராமைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு மட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சுகிர்தாவின் பெயருக்குப் போட்டேன். அவர் முன்னாலேயே ஓட்டினேன். 'தேட முடியவில்லை' என்று வந்தது.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். மேசையிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார். "நான் சொன்னன்தானே" என்று வதனாவிடம் சொன்னார். "வாறன் மகள், அடுத்த திங்கள்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

வதனா போகவில்லை. அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் தோளுக்குப் பின்னால் நின்று நான் தட்டியதை எல்லாம் பார்த்திருக்கிறாள்.

"இனி எந்தத் திங்களும் இப்பிடித்தான் வருமாக்கா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வேன்? அடித்து வைத்திருந்த கடுதாசி மேசையில் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. தகப்பன் நனைகிறார் என்று குடையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

சபீனா